முடிவெடுக்கும் கல்வி

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் மேன்மையைப் பற்றி எனக்கு முன் பேசிய பெருமக்கள் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். அதனையே நானும் கூறி உங்கள் நேரத்தைக் கவர விரும்பவில்லை. கல்வி கற்ற பிறகு நமக்கு எழுகின்ற ஓர் இடர்ப்பாட்டைப் பற்றியே பேச வந்தேன்.

கல்விப் பழக்கம் தலைமுறையாக உள்ள வீடுகளில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினால், எந்தப் பிரிவில் சேர்வது என்று சொல்ல ஒரு மாமா இருப்பார். பட்டம் பெற்றால், எந்தத் தேர்வு எழுதுவது என்று சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். அலுவலகத்தில் ஒரு சிக்கல் வந்தால், கோப்பில் எப்படிக் குறிப்பு எழுதுவது என்று சொல்லப் பணி ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருப்பார். நம் வீடுகளிலோ பெரும்பாலும் அந்தப் பிள்ளையே முதல் ஆள். முன்னே நடந்தவர் இல்லை, கேட்டறிய வழியில்லை. பாடங்களை நாம் கற்பித்தோம். தேர்வுகளுக்குப் பயிற்சி அளித்தோம். ஆனால் இரண்டு வழிகள் எதிரே வந்து நிற்கும்போது எந்த வழியில் காலெடுத்து வைப்பது, அதனை எவ்வாறு எண்ணிப் பார்ப்பது என்பதை நாம் கற்பித்தோமா? இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குறையைப் போக்கும் ஒரு துறையை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அதற்கு முடிவுக் கோட்பாடு என்று பெயர்.

கோட்பாடும் அதன் நான்கு பத்திகளும்

இத்துறை கணிதத்தின் வயிற்றில் பிறந்தது. 1654-ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், இடையில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை ஆட்டக்காரர்க்கு எப்படிப் பங்கிடுவது என்று கடிதங்கள் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணக்கு வளர்ந்தது. 1738-இல் டேனியல் பெர்னூலி அதனோடு பயன்பாடு என்னும் கருத்தைச் சேர்த்தார். 1944-இல் ஃபான் நாய்மன், மார்கன்ஸ்டர்ன் இருவரும், 1954-இல் சாவேஜ் என்பவரும் அதனை ஒரு முழுக் கோட்பாடாகக் கட்டி எழுப்பினர்.

பெயர்களைக் கேட்டு அஞ்ச வேண்டா. ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகள் கோடிடத் தெரிந்தால் போதும். முதற் பத்தியில், என் கையில் உள்ள வழிகள் எவை என்று எழுத வேண்டும். இரண்டாம் பத்தியில், என் கையில் இல்லாத நிலைமைகள் எவை என்று எழுத வேண்டும். மூன்றாவதில், அந்நிலைமை ஒவ்வொன்றும் நேர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று எழுத வேண்டும். நான்காவதில், இந்த வழியில் நான் செல்ல, அந்த நிலைமை நேர்ந்தால், எனக்கு விளைவது என்ன என்று எழுத வேண்டும். கோட்பாட்டின் எலும்புக்கூடு இவ்வளவே. திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமும், அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று தனித்தனி அதிகாரங்களும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். எண்ணிப் பார்த்துச் செயற்படுதல் நம் மொழிக்குப் புதியதன்று. எண்ணுவதை எண்ணாகவே எழுதிப் பார்த்தல் என்பதே புதியது.

நம் ஊர்க் காட்சி ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன். களத்தில் நெல் காய்கிறது. இரவில் மழை வந்து நனைந்தால் 4,000 ரூபாய் இழப்பு. தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து, ஆள் வைத்து மூடினால் 500 ரூபாய் செலவு. வானிலை அறிக்கையோ, மழைக்கு நூற்றுக்கு இருபது வாய்ப்பு என்கிறது. மூடலாமா, வேண்டாவா?

நம்மில் பலர், "மழை வருமா, வராதா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்போம். எண்பது பங்கு வராது என்று தெரிந்தவுடன் மூடாமல் விட்டுவிடுவோம். கேள்வியே பிழையானது. இத்தகைய நூறு இரவுகளை எண்ணிப் பாருங்கள். நூறு இரவும் மூடினால் செலவு 50,000 ரூபாய். ஒரு நாளும் மூடாவிட்டால், இருபது இரவுகள் நனைந்து இழப்பு 80,000 ரூபாய். ஆகவே, மழை வராது என்பதே பெரும்பான்மை வாய்ப்பாக இருக்கும்போதும் மூடுவதே சரி. 500-ஐ 4,000-ஆல் வகுத்தால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. மழையின் வாய்ப்பு அதற்கு மேல் என்றால் மூடு. கீழ் என்றால் விடு. எது நடக்கும் என்று குறி சொல்ல வேண்டியதில்லை. எது நடந்தால் எவ்வளவு இழப்போம் என்பதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். இஃது ஒன்று விளங்கிவிட்டால், கோட்பாட்டின் பாதி விளங்கிவிட்டது.

முடிவு வேறு, விளைவு வேறு

இனி, நாம் நாள்தோறும் செய்கின்ற ஒரு பெரும் பிழையைச் சொல்லுகிறேன். ஒருவர் எடுத்த முடிவு நல்லதா என்பதை, அதனால் வந்த விளைவைக் கொண்டு அளக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் வீட்டுமனையை அடகு வைத்து ஒன்றரை இலட்சம் ரூபாய் கடன் வாங்கி, அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று கூட விசாரியாமல் ஒருவரிடம் கொடுத்து வளைகுடா நாட்டிற்குச் சென்றார். நல்வாய்ப்பாக அங்கே நல்ல முதலாளி அமைந்தார்; மூன்று ஆண்டுகளில் கடனைத் தீர்த்து மாடி வீடும் கட்டினார். ஊரே அவரைத் துணிந்தவன் என்று புகழ்ந்தது. அவரைப் பார்த்து அடுத்த தெரு இளைஞர் ஒருவர் அவ்வாறே அடகு வைத்து, அவ்வாறே விசாரியாமல் பணம் கொடுத்தார். அவர் சென்னையைத் தாண்டவில்லை, மனையும் போயிற்று. ஊர் அவரை ஏமாளி என்றது. இருவரும் எடுத்தது ஒரே முடிவு. இருவருடையதும் கெட்ட முடிவே. ஒருவர்க்குச் சீட்டு நன்றாக விழுந்தது, மற்றவர்க்கு விழவில்லை. முதலாமவரை அறிவாளி என்று புகழ்ந்ததனாலேயே இரண்டாமவரை நாம் குழியில் தள்ளினோம்.

பிறர் பிழையை மட்டும் கூறுதல் முறையன்று. என் பிழையையும் கூறுகிறேன். 2007-இல் என்னிடம் மேல்நிலை வகுப்புப் பயின்ற ஒரு மாணவி கணிதத்தில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றார். அவர் இளங்கலைக் கணிதம் சேர விரும்பினார். நானோ ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சேருமாறு அவருடைய தந்தையாரிடம் வலியுறுத்தினேன். இரண்டு ஆண்டுகளில் முடியும், உடனே அரசுப் பள்ளியில் வேலை கிடைக்கும் என்றேன். அவர் பயிற்சி முடித்து வெளிவந்தபோது, பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை பணியிடங்களை மிஞ்சிப் பெருகியிருந்தது. 2012-இல் ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. இன்றும் அவர் ஒரு தனியார் பள்ளியில் சிறு ஊதியத்திற்கு வேலை செய்கிறார்.

அரசு வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் நான் என்னைக் குறை கூறவில்லை. தகுதித் தேர்வு வரும் என்பதை 2007-இல் நான் அறிந்திருக்க இயலாது. ஆயின் நான் அறிந்திருக்கக் கூடியவையும் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் புதிது புதிதாகப் பயிற்சி நிறுவனங்கள் திறக்கப்படுவதை நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் போனேன். இத்தனை பேர் பயின்று வந்தால் இடம் எங்கே என்று ஒரு நாளும் எண்ணவில்லை. என் காலத்தில் நடந்ததே அவர் காலத்திலும் நடக்கும் என்று இரண்டாம் பத்தியில் ஒரே ஒரு நிலைமையை எழுதிவிட்டேன். அதனினும் பெரிய பிழை வேறு. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டபோது வருத்தம் தெரிவித்தேன். அவர் சினக்கவில்லை. "சார், வேலை கிடைக்காதது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் பேசினீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே" என்றார். நான்காம் பத்தியை அவர் நிரப்பியிருக்க வேண்டும், நான் நிரப்பிவிட்டேன். விளைவின் மதிப்பு என்ன என்பதை, அதனை வாழ்ந்து தீர்க்க வேண்டியவரே சொல்ல முடியும். கோட்பாடும் இதனையே வலியுறுத்துகிறது.

இந்த வேறுபாடு, பணியில் இருக்கும் நம் மக்களுக்கு உயிர்நாடி போன்றது. ஓர் அலுவலகத்தில் ஒருவர் எடுத்த முடிவு தவறிப்போனால், "பாவம், அவருடைய நேரம் சரியில்லை" என்பார்கள். அதே முடிவை நம்மவர் ஒருவர் எடுத்து, அதே போலத் தவறிப்போனால், "ஒதுக்கீட்டில் வந்தவர்தானே" என்பார்கள். முன்னவர்க்கு விதியின் மேல் பழி. நம்மவர்க்குப் பிறப்பின் மேல் பழி. இந்த அநீதியை எதிர்த்துப் போராடுவது ஒருபுறம் இருக்கட்டும். அதுவரை நம் கையில் உள்ள கேடயம் என்ன? முடிவெடுக்கும் அன்றே எழுதி வைப்பது. என்னிடம் இருந்த வழிகள் இவை. அன்று கிடைத்த செய்திகள் இவை. இன்ன இடர் உண்டு என்பதை அறிந்தே, இன்ன காரணத்தால் இவ்வழியைத் தேர்ந்தேன் என்று நாளிட்டுக் கோப்பில் குறிப்பு எழுதுங்கள். விளைவு வந்த பின் எழுதும் காரணத்தை எவரும் நம்பமாட்டார். விளைவுக்கு முன் எழுதிய காரணத்தை எவராலும் எளிதில் தள்ளிவிட முடியாது. அக்குறிப்பு பிறர்க்குக் கேடயம், நமக்கோ ஆசிரியன். ஓராண்டு கழித்து எடுத்துப் படித்தால், எங்கே சரியாக எண்ணினோம், எங்கே சறுக்கினோம் என்பதை அதுவே சொல்லிக்கொடுக்கும்.

ஏழையின் கணக்கு

"நம் பிள்ளைகளுக்குத் துணிவு இல்லை. கிடைத்த சிறு வேலையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடுகிறார்கள்" என்று நம்மவரே குறை கூறக் கேட்கிறேன். இக்குற்றச்சாட்டுக்கு 1738-ஆம் ஆண்டிலேயே விடை எழுதப்பட்டுவிட்டது.

சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞரான டேனியல் பெர்னூலி, ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி இது. மிக வறிய ஒருவன் கையில் ஒரு பரிசுச் சீட்டு கிடைக்கிறது. அதற்கு 20,000 பொற்காசு விழவும் ஒன்றும் விழாமற்போகவும் சம வாய்ப்பு உண்டு. அவன் அதனை 9,000 காசுக்கு விற்றுவிட்டால் அஃது அறியாமையா? அறியாமையன்று என்றார் பெர்னூலி. அதே சீட்டை 9,000 காசு கொடுத்து வாங்கும் செல்வனும் சரியாகவே செய்கிறான் என்றார். ஒரே சீட்டு, இரண்டு எதிரான முடிவுகள், இரண்டும் சரி. ஏன்? கையில் உள்ள பணம் பெருகப் பெருக, மேலும் வருகிற ஒவ்வொரு காசின் பயனும் குறைந்துகொண்டே போகிறது. பொருளியல் பாடத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று நீங்கள் படிப்பது இதுவே.

பெர்னூலி காட்டிய வழியில் நாமும் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு முயற்சிக்கு 40,000 ரூபாய் போட வேண்டும். பாதி வாய்ப்பில் அது முழுவதும் போய்விடும்; பாதி வாய்ப்பில் போட்டது திரும்பிவந்து, மேலும் 60,000 கிடைக்கும். சராசரி பார்த்தால் 10,000 ஆதாயம். ஒருவருடைய முழு உடைமை 10 இலட்சம் என்க. தோற்றால் அவரிடம் 9,60,000, வென்றால் 10,60,000. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஏறக்குறைய 10,08,760 வரும். இருக்கும் 10 இலட்சத்தைவிட இது மிகுதி. ஆகவே அவர் துணியலாம். இன்னொருவருடைய முழு உடைமை 50,000 என்க. தோற்றால் 10,000, வென்றால் 1,10,000. பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 33,170. இருக்கும் 50,000-ஐவிட இது மிகக் குறைவு. ஆகவே அவர் துணியலாகாது.

முயற்சி ஒன்றே, வாய்ப்பும் ஒன்றே. செல்வர்க்கு அறிவுடைமை ஆவது, ஏழைக்கு அழிவு ஆகிறது. எனவே நம் பிள்ளை அஞ்சி நின்றால் அதனைக் கோழைத்தனம் என்று இகழாதீர்கள். ஒரு முறை தவறினால் எழமுடியாதவன் போடும் கணக்கு அது; சரியான கணக்கு. ஆயினும், இதில் ஒரு துயரமும் உண்டு. ஆண்டுதோறும் இவ்வாறு சரியாகவே கணக்குப் போட்டு, ஆண்டுதோறும் சிறியதையே தேர்ந்துகொண்டிருந்தால், உள்ளவர் மேலும் உயர்வார். இல்லாதவர் நின்ற இடத்திலேயே நிற்பார். எவரும் பிழை செய்யாமலே ஏற்றத்தாழ்வு வளரும்.

பத்துப் பேர் பகிர்ந்தால்

இதற்கு மாற்று உண்டா? அதே கட்டுரையிலேயே உண்டு. கடல் கடந்து பொருள் கொண்டுவரும் ஒருவன், பத்துக் கப்பலில் ஒன்று மூழ்கும் என்னும் நிலையில், தன் சரக்கு முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றுவதைவிட, இரண்டாகப் பிரித்து ஏற்றினால் அவன் நிலை உயர்கிறது என்று பெர்னூலி எண்களால் காட்டினார்.

நம் கணக்குக்கு வருவோம். 50,000 ரூபாய் உடைமை உள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அதே முயற்சியை மேற்கொள்கின்றன என்க. ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு 4,000. தோற்றால் கையில் 46,000; வென்றால் 56,000. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஏறக்குறைய 50,750. இப்போது 50,000-ஐவிட மிகுதி! ஒருவரையும் செல்வர் ஆக்கவில்லை, வாய்ப்பையும் மாற்றவில்லை. இழப்பைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவே. தனியே நின்றபோது தவறாக இருந்த முடிவு, சேர்ந்து நின்றபோது சரியாகிவிட்டது. அன்பர்களே, ஒரு கல்விச் சங்கம் எதற்காக என்று எவரேனும் கேட்டால், இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இதனைக் காணலாம். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916-இல் லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. அப்போது அவர் ஒன்று செய்தார்: நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர இசைவு பெற்றுக்கொண்டே புறப்பட்டார். கதவைச் சாத்தினாலும் தாழிடவில்லை. முடிவுக் கோட்பாட்டில் இதற்குப் பெருமதிப்பு உண்டு. அவர் வேறொரு கப்பலில் அனுப்பிய நூல்கள், போர்க்காலத் தாக்குதலில் கப்பலோடு மூழ்கின. அது விளைவு, அதனால் அவர் முடிவு பிழையாகிவிடாது. பரோடாப் பணியில் சேர்ந்தார். தங்குவதற்கு வீடும் தராத சாதிக் கொடுமையால் அப்பணியை விட்டு வெளியேறினார். ஊதியம் என்னும் பத்திக்கு அருகில் மானம் என்னும் பத்தியும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்தார். அச்சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர்ந்தன. 1920-இல் மீண்டும் லண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அத்தகைய பேரறிஞருக்கும் தோள் கொடுக்கப் பிறர் வேண்டியிருந்தது. அதனை அவர் மறக்கவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, பின்வந்தோர்க்குத் தோள் கொடுத்தார்.

என் எளிய வாழ்விலும் இதனைக் கண்டேன். 1991-இல் நான் பி.ஏ. தேறியபோது, ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை காத்திருந்தது. பி.எட். படிக்கவேண்டுமானால் ஓராண்டு வருமானம் இல்லை; கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் வேண்டும். என் தந்தையார் களத்துமேட்டுக் கூலி. தனியே எண்ணியிருந்தால் துணிக்கடையே சரியான முடிவு. எங்கள் தெருவில் ஏழு வீட்டார் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுப் பணம் தந்தனர். வட்டி கேட்கவில்லை. "நீ தேறாவிட்டால் எங்களுக்குக் கொடுக்க வேண்டாம் தம்பி. தேறினால் அடுத்த பிள்ளைக்குக் கொடு" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பெர்னூலியின் பெயரைக் கேள்விப்பட்டவரும் அல்லர்.

பணியில் நாள்தோறும்

வேலையில் இருக்கும் இளைஞர்கள் நாள்தோறும் கைக்கொள்ளக் கூடிய சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, போன செலவைப் போனதாகவே விடுங்கள். ஆழ்துளைக் கிணறு 400 அடி தோண்டியும் நீர் இல்லை. "இவ்வளவு செலவழித்துவிட்டோமே" என்று மேலும் 200 அடி தோண்டுகிறோம். போட்ட பணம் தோண்டினாலும் வாராது, நிறுத்தினாலும் வாராது. இனிப் போடப்போகும் பணத்திற்கு நீர் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்பதே கேள்வி. ஒரே தேர்வை ஆறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். விட்டுவிடு என்று நான் கூறவில்லை. கழிந்த ஆறு ஆண்டுகளைக் காரணமாகக் காட்டி ஏழாம் ஆண்டைக் கொடுக்காதே என்கிறேன்.

இரண்டாவது, திரும்பி வரக்கூடிய முடிவையும் திரும்ப முடியாத முடிவையும் பிரித்து அறியுங்கள். ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சேர்வதற்கு ஓராண்டு தயங்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் விலகலாம். வீட்டுமனைப் பத்திரத்தை ஈடு வைப்பதற்கு ஓராண்டு தயங்கினாலும் தகும்.

மூன்றாவது, செய்திக்கு விலை உண்டு. ஓர் ஊருக்குப் பேருந்தில் சென்று, அக்கல்லூரியில் பயின்ற மூவரைக் கண்டு பேசிவர ஒரு நாளும் சில நூறு ரூபாயும் ஆகும். அது மூன்றாண்டுப் பிழையைத் தடுக்குமானால் மிக மலிவு. எந்தச் செய்தி கிடைத்தாலும் நம் முடிவு மாறாது என்றால், அதனைத் தேடி அலைவது வீண்.

நான்காவது, எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்த பிறகே அடியெடுத்து வைப்பேன் என்று இருக்காதீர்கள். 1978-இல் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதரால் எல்லா வழிகளையும் ஆராய இயலாது என்றும், போதுமான அளவு நல்லதாக உள்ள வழியைக் கண்டதும் அதனைத் தேர்வதே மனித இயல்பு என்றும் விளக்கினார். சிறு முடிவுகளுக்குச் சிறு நேரம். பெரு முடிவுகளுக்குப் பெரு நேரம்.

ஐந்தாவது, நம் மனமே நம்மை ஏமாற்றும். 1979-இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள், நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் இழக்கும் துன்பம் மனிதர்க்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்று காட்டினர். உண்மையாகவே எழ முடியாத இழப்பு எது, பெரிதாகத் தோன்றும் சிறிய இழப்பு எது என்பதை, தாளில் எழுதினால்தான் பிரித்தறிய முடியும். முன்னதற்கு அஞ்சுதல் அறிவு. பின்னதற்கு அஞ்சி நிற்பது பழக்கம்.

அரசின் உதவிகளையும் இக்கணக்கில் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். உயர்கல்வி உதவித்தொகை, 2010-இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் போன்றவை பிச்சையல்ல. இழப்பு என்னும் பத்தியில் உள்ள எண்ணைச் சிறிதாக்குபவை. எண் சிறிதானால், நேற்றுத் தவறாக இருந்த முடிவு இன்று சரியாகலாம். அத்திட்டங்களின் இன்றைய விதிகளை நேரில் விசாரித்தறிந்து, கணக்கை மீண்டும் போடுங்கள்.

நிறைவாக

சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் வாரத்தில், நம் பிள்ளைகளை இங்கே அமர வைத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நான்கு பத்திகளை எழுதச் செய்ய வேண்டும். பணியில் உள்ளவர்கள் அருகில் அமர்ந்து இரண்டாம், மூன்றாம் பத்திகளுக்கு உதவுங்கள். நான்காம் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை அந்தப் பிள்ளையே எழுதட்டும். என் மாணவியிடம் நான் கற்ற பாடம் அது.

இரண்டாவது வேண்டுகோள், இச்சங்கத்தால் படித்து வேலைக்குச் சென்றவர்களுக்கு. உங்களுள் சிலர் திங்கள்தோறும் தவறாமல் பங்கு செலுத்துகிறீர்கள். பலர் செலுத்துவதில்லை. "என் உழைப்பால் வந்தேன், யாருக்கு என்ன கடன்?" என்று எண்ணுகிறீர்கள். உழைப்பு உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தோற்றிருந்தால், அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் அணியமாக நின்றார்கள். அவர்கள் நின்றதனால்தான் உங்களால் துணிய முடிந்தது. வென்றவர் விலகிக்கொண்டால், பத்துப் பேர் பகிர்ந்த கணக்கு மீண்டும் ஒருவர் கணக்காகிவிடும். அடுத்த பிள்ளை சரியாகவே கணக்குப் போட்டு, துணிக்கடைக்குப் போய்விடும்.

அந்த ஏழு வீட்டாரில் இருவர் இன்றும் இருக்கிறார்கள். இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை வணங்கி, என் உரையை நிறைவு செய்கிறேன்.